உரக்கடை மாடி இங்கிலீஷ்

கிராமர் இல்லாமல் இங்கிலீஷ் பேசலாம் என்று ஊர் முழுக்க பேனர் கட்டியவரிடம் வேலைக்கு இருந்துகொண்டுதான் நான் கிராமர் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அதில் வெட்கப்பட வேண்டியவர் அவர்தான் என்று அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன்.

செஞ்சியில் திண்டிவனம் ரோட்டில் ஒரு உரக்கடைக்கு மேல் மாடியில் அந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர் இருந்தது. படியேறும்போதே பூச்சிமருந்து நெடி மூக்கில் ஏறும். மேலே வரிசையாக பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு வெள்ளை போர்டு, சுவரில் கோட்டு போட்ட வெள்ளைக்காரன் ஒருவன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம். அவனுக்கும் எங்களுக்கும் இன்டர்நெட்டைத் தவிர வேறு சம்பந்தம் கிடையாது. வாசல் போர்டில் 'எம்.ஏ. படித்த ஆசிரியர்கள்' என்று எழுதியிருக்கும். அந்த 'ஆசிரியர்கள்' நான் ஒருத்திதான்.

சென்டரை நடத்தியவர் அதற்கு முன்னால் வீடு வீடாகப் போய் வாட்டர் பில்டர் விற்றவர். விற்பதில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் சென்னையில் ஏதோ ஒரு ஓட்டலில் ரெண்டு நாள் தன்னம்பிக்கைப் பயிற்சிக்குப் போய்விட்டு வந்து, சித்திரை வெயிலில் கழுத்தில் டை கட்டிக்கொண்டு, தன்னை மாஸ்டர் என்று எல்லோரும் கூப்பிட வேண்டும் என்று சொன்னதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. நான் சார் என்றே கூப்பிட்டேன். அதுவே அதிகம்.

நான் அங்கே போனதற்கும் பெரிய கதை ஒன்றுமில்லை. எம்.ஏ. இங்கிலீஷ் முடித்துவிட்டு ஒரு தனியார் பள்ளியில் பல வருஷம் குப்பை கொட்டினேன். ஏப்ரல் மாதம் வந்தால் டீச்சர்களை எல்லாம் ஊர் ஊராக அனுப்பி, வீட்டு வாசலில் நின்று பிள்ளை பிடித்துவரச் சொல்வார்கள். அனந்தபுரத்தில் ஒரு வீட்டு வாசலில் நான் நோட்டீசை நீட்டிக்கொண்டு நின்றபோது, உள்ளேயிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்து, 'ஒன்னும் வேணாம், போம்மா' என்றாள். சோப்பு விற்க வந்தவள் என்று நினைத்திருக்கிறாள். அந்த வருஷமே வேலையை விட்டேன். சாயங்காலம் ரெண்டு மணி நேரம் மட்டும்தான் என்பதால் இந்த சென்டருக்கு ஒத்துக்கொண்டேன்.

'குழந்தை கிராமர் படிச்சிட்டா மேடம் பேசுது?' சாருக்கு இருந்த ஒரே தத்துவம் இதுதான். தினமும் வகுப்பைத் தொடங்கும்போது இதைச் சொல்வார். சொல்லிவிட்டு, ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி கொஞ்ச நேரம் நிறுத்துவார். குழந்தையைச் சுற்றி ஒரு வீடே நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கிறது. இவருடைய மாணவர்களைச் சுற்றி உர மூட்டைதான் இருந்தது.

கிராமருக்குப் பதிலாக அவர் வைத்திருந்தது வாய்ஸ் மெசேஜ். தன்னைப் பற்றிச் சொல்வதற்கு, கடையில் பேசுவதற்கு, இன்டர்வியூவுக்கு என்று தன் குரலிலேயே பேசி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். இயர்போனை மாட்டிக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டு மனப்பாடம் செய்ய வேண்டும். எல்லாம் 'மை செல்ஃப்' என்று ஆரம்பிக்கும். பெயர், ஊர், அப்பா பெயர் முடிந்ததும் ஹாபி வரும். ஹாபி அவர் பேசி அனுப்பிய அதே ஹாபிதான்: பிளேயிங் கிரிக்கெட் அண்ட் ரீடிங் புக்ஸ். காந்தி பஜார் ஜவுளிக்கடையில் காலையிலிருந்து நின்றுகொண்டே புடவை பிரித்துக் காட்டிவிட்டு, கால் வீங்கிப்போய் வரும் ஒரு பெண், தன் பொழுதுபோக்கு கிரிக்கெட் என்று கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பாள். நீ கிரிக்கெட் ஆடுவியா என்று கேட்டேன். எங்க நைனாவே ஆட மாட்டாரு டீச்சர் என்றாள். பிறகு ஏன் சொல்கிறாய் என்றதற்கு, சார் மெசேஜில் அப்படித்தான் இருக்குது என்றாள்.

தத்துவமும் தன்னம்பிக்கையும் முடிந்ததும் சார் டீ குடிக்கக் கீழே இறங்கிவிடுவார். அதற்கப்புறம் வகுப்பு என்னுடையது. எல்லோரும் சும்மா பேசிப் பழகினால் போதும் என்பது அவருடைய உத்தரவு. எதை வைத்துப் பேசுவது? நான் போர்டைத் துடைத்துவிட்டு வினைச்சொல்லில் ஆரம்பித்தேன்.

வரேன், வரே, வரான், வராங்க என்று தமிழில் எழுதினேன். நாம் வாயைத் திறந்தால் வினைச்சொல்லின் வாலிலேயே ஆளையும் கட்டிவிடுகிறோம், வருவது யார் என்று தனியாகச் சொல்லவே தேவையில்லை. இங்கிலீஷ்காரன் அந்த வாலை எல்லாம் எப்போதோ தொலைத்துவிட்டான். ஹீ, ஷீ, இட் வந்தால் போடுகிற ஒரு 'ஸ்' மட்டும்தான் அவனிடம் மிச்சம். இத்தனை வாலைப் பிறந்ததிலிருந்து தப்பில்லாமல் போடுகிற நீங்கள் அந்த ஒரு 'ஸ்'ஸுக்கா பயப்படுகிறீர்கள் என்று கேட்டேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து கோட்டைக்கு ஆட்டோ ஓட்டுகிறவர் ஒருவர் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார். 'இவ்ளோதானா மேடம்? இதுக்கா ஸ்கூல்ல என்ன முட்டி போட வச்சாங்க?' என்றார். அவரை முட்டி போட வைத்த அந்த வாத்தியாரை நினைத்து எனக்கு உண்மையிலேயே அருவருப்பாக இருந்தது.

இவர்களுக்கு நடுவில்தான் அவளும் வந்தாள். அவலூர்பேட்டை ரோட்டில் உள்ளே தள்ளி இருக்கிற ஒரு கிராமத்துக்காரி. சர்ச்சுக்குப் போகிற வேதக்காரக் குடும்பம். முப்பது வயசுக்கு மேல் இருக்கும். புருஷன் பெங்களூரில் கட்டட சென்ட்ரிங் வேலை, ஒரு மகள். இவள் கல்யாணத்துக்கு முன்னாலேயே நர்சிங் உதவியாளர் கோர்ஸ் முடித்துவிட்டு, திண்டிவனத்தில் ஒரு நர்சிங் ஹோமில் வேலை பார்த்தவள். வளைகுடா நாட்டில் வீட்டோடு இருந்து வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்திருந்தாள். அப்படி ஆள் அனுப்பும் ஒரு ஏஜென்சிக்கு ஆள் சேர்த்துக்கொடுப்பதும் சார்தான். அமாவாசை அன்றைக்குக் கோயில் கூட்டத்தில் மேல்மலையனூர் பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது, ஆட்டோக்காரரும் சவாரிக்குப் போய்விடுவார், வகுப்பே காலியாகக் கிடக்கும். அவள் மட்டும் எப்படியோ வந்துவிடுவாள்.

மனப்பாடத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. இன்டர்வியூ மெசேஜை ஒரு பிசிறு இல்லாமல் ஒப்பிப்பாள். சார் யாராவது புதிதாகச் சேர வந்தால் அவளை எழுப்பி நிறுத்திச் சொல்ல வைப்பார். ஜோசியக்காரன் கிளியைக் கூண்டிலிருந்து வெளியே விடுவதற்கும் அதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ஒரு நாள் சார் கீழே இறங்கியதும் அவள் என்னிடம் வந்தாள்.

'டீச்சர், ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்னு வருதே, அதுக்கு இன்னா அர்த்தம்?'

ஐந்து வருஷமாக நர்சிங் ஹோமில் வேலை செய்துகொண்டிருக்கிறேன் என்று மாதக்கணக்கில் ஒப்பித்த வாக்கியம். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நான் போர்டில் மூன்றையும் எழுதினேன். ஐ வொர்க்ட் என்றால் வேலை செஞ்சேன், அதோடு முடிந்தது. ஐ ஹேவ் வொர்க்ட் என்றால் செஞ்சிருக்கேன். ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் என்றால் செஞ்சிகினு வரேன், அதாவது அன்றைக்கு ஆரம்பித்தது இன்றைக்கும் நடக்கிறது. நாம் பேசுகிற பேச்சிலேயே மூன்றும் தனித்தனியாக இருக்கிறது, இதில் புதிதாக ஒன்றுமில்லை என்றேன்.

அவள் போர்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு மெதுவாக, அந்த நர்சிங் ஹோம் வேலையை விட்டு ரொம்ப நாள் ஆகிவிட்டது என்றாள். மாமியார் பக்கவாதத்தில் விழுந்ததிலிருந்து வேலைக்குப் போகவில்லை. அந்தம்மா படுத்த படுக்கையாகக் கிடந்து போன வருஷம்தான் செத்துப்போனது. அதுவரைக்கும் இவள்தான் பார்த்தாள்.

'இத்தினி நாளா தெரியாம சொல்லிகினு இருந்தேன் டீச்சர். இனிமே தெரிஞ்சி எப்படி சொல்றது?'

நீ மாமியாருக்கு என்னென்ன செய்தாய் என்று கேட்டேன். கேட்டால் போதும், கொட்டினாள். குளிப்பாட்டினது, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் போட்டது, கஞ்சியை வடிகட்டி ஊட்டினது, ராத்திரி பக்கத்திலேயே படுத்தது. அவ்வளவையும் நாங்கள் இறந்தகாலத்தில் போட்டோம். ஐ வாஷ்ட் ஹெர். ஐ டர்ன்ட் ஹெர். 'ஃபீடட்' என்றாள், அது 'ஃபெட்' என்று திருத்தினேன். கடைசியில் 'ஷீ டைட்' என்று சொன்னபோது அவள் குரல் ஒன்றும் உடையவில்லை. சரியாகச் சொன்னோமா என்றுதான் என்னைப் பார்த்தாள்.

இது சார் காதுக்கு எப்படியோ போய்விட்டது. மறுநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அந்தப் பெண் மனதை நான் கெடுப்பதாகச் சொன்னார். அங்கே யாரும் டென்ஸ் கேட்க மாட்டார்கள், பாசிட்டிவாகப் பேசினால் போதும் என்றார். செய்யாத வேலையைச் செய்துகொண்டிருக்கிறேன் என்று சொல்வதற்கு அவர் வைத்திருந்த பெயர் பாசிட்டிவ். ஐந்து வருஷம் என்று வாய்ஸ் மெசேஜில் வருகிறதே, அது யாருடைய ஐந்து வருஷம் என்று கேட்டேன். அது ஒரு ஃபார்மேட் மேடம் என்றார்.

இன்டர்வியூ அந்த மாடியிலேயே வீடியோ காலில் நடந்தது. சார் தன் போனை ஸ்டாண்டில் மாட்டி, கட்டைவிரல் வெள்ளைக்காரன் பின்னால் தெரிகிற மாதிரி நாற்காலியைப் போட்டிருந்தார். என்னைப் படத்தில் விழாத மூலையில் உட்காரச் சொன்னார். ஏஜென்சியிலிருந்து பேசியது சென்னையில் இருக்கும் ஒரு பெண்மணி. குனிந்து வேறெதையோ பார்த்துக்கொண்டே கேள்வி கேட்டார். இவளுக்கு முன்னால் ரெண்டு பேர். ரெண்டு பேருமே 'மை செல்ஃப்'பில் ஆரம்பித்து கிரிக்கெட்டில் முடித்தார்கள். நர்சிங் ஹோம் எந்த ஊரில் இருக்கிறது என்று அவர் கேட்டதற்கு முதல் பெண் 'எஸ் மேடம்' என்றாள். அதையும் அந்த அம்மா கவனித்ததாகத் தெரியவில்லை. இப்படித்தான் ஆள் எடுக்கிறார்கள், இதற்குத்தான் சார் டை கட்டியிருந்தார்.

இவள் உட்கார்ந்தாள். பெயர், ஊர் சொன்னாள். இப்போது வேலையில் இருக்கிறீர்களா என்று அந்த அம்மா இங்கிலீஷில் கேட்டார். ஆமாம் என்று சொல்லச் சொல்லி, சார் போனுக்குப் பின்னால் நின்றுகொண்டு தலையை ஆட்டு ஆட்டு என்று ஆட்டினார்.

'நோ, மேடம். ஐ ஆம் நாட் வொர்க்கிங் நௌ' என்றாள்.

பிறகு சொல்ல வேண்டியதை ஒவ்வொன்றாகச் சொன்னாள். நர்சிங் ஹோமில் வேலை செய்தேன், நிறுத்திவிட்டேன், மாமியாரால் அசைய முடியாது, கழுவினேன், புரட்டினேன், ஊட்டினேன், இறந்துவிட்டார். அவசரப்படவில்லை. நடுநடுவே வார்த்தைக்காக நின்றாள். சார் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னதை அவள் பார்க்கவே இல்லை. படுக்கைப்புண் வந்ததா என்று அந்த அம்மா கேட்டார்.

'நோ, மேடம். நாட் ஒன்.'

அப்போதுதான் அந்த அம்மா நிமிர்ந்து கேமராவைப் பார்த்தார். சொல்லி அனுப்புகிறோம் என்றார்.

சொல்லி அனுப்பினார்கள். மற்ற ரெண்டு பேரும் தேர்வு, இவள் இல்லை. தற்போது வேலையில் இருக்க வேண்டும் என்பது விதியாம். வெறும் வாயை மெல்லுகிற சாருக்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. அடுத்த வகுப்பில் எல்லோர் முன்னாலும் அவளை நிற்க வைத்து, கிராமர் பார்த்துப் பேசினால் இதுதான் கதி, ஒரு நல்ல வாழ்க்கை போய்விட்டது என்று ஆரம்பித்தார். என்னைத் திட்டினால் கேட்டுக்கொண்டிருந்திருப்பேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றதைப் பார்த்ததும் எழுந்துவிட்டேன்.

'சார், நீங்க பில்டர் வித்தப்பவாவது தண்ணி நல்லதா வந்துச்சு' என்றேன்.

ஆட்டோக்காரர் சிரித்துவிட்டார். சாருக்கு அது புரிய கொஞ்ச நேரம் ஆனது. புரிந்த பிறகு என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது, நான் படியிறங்கிவிட்டேன். கீழே உரக்கடைக்காரர், என்ன மேடம் இன்னைக்கு சீக்கிரம் என்று கேட்டார். தலைவலி என்றேன். அந்த நெடியில் அது பொய்யும் இல்லை.

தேர்வான அந்த ரெண்டு பேரில் ஒருத்திக்கு விசா வருகிறது வருகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள், வரவில்லை. இன்னொருத்தி போய்ச் சேர்ந்து நன்றாகத்தான் இருக்கிறாளாம், வீட்டுக்குப் பணம் அனுப்புகிறாளாம். பொய் சொன்னவர்களுக்கெல்லாம் கேடு வந்து சேரும் என்று நான் நம்புகிற ஆளில்லை. அப்படி வருவதாக இருந்தால் சார் எப்போதோ சென்டரைப் பூட்டியிருக்க வேண்டும். அவர் பூட்டவில்லை. நம்ம கோட்டைக்கு உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற அந்தஸ்து கிடைத்த மறுமாதமே 'கைடு இங்கிலீஷ்' என்று புது பேனர் கட்டினார். கோட்டைக்குள் இருக்கிற ராஜகிரிக்கும் கல்யாண மஹாலுக்கும் ஒவ்வொரு வாய்ஸ் மெசேஜ். அதை மனப்பாடம் செய்த பையன்கள் கோட்டை வாசலில் நிற்கிறார்கள். வருகிறவர்கள் முக்கால்வாசி பெங்களூர்க்காரர்கள். அவர்கள் இங்கிலீஷில் கேட்கிற முதல் கேள்வி டாய்லெட் எங்கே இருக்கிறது என்பது. அதற்கு மெசேஜ் கிடையாது.

அதற்குப் பிறகு நான் அந்தப் படி ஏறவில்லை. என் வீட்டுக்கே பாடம் கேட்க நாலு பேர் வர ஆரம்பித்தார்கள். அவள், ஆட்டோக்காரர், ஜவுளிக்கடைப் பெண், அவளோடு வேலை செய்யும் இன்னொருத்தி. கூடத்தில் பாய் விரித்து உட்காருவோம். இங்கிலீஷ் மீடியத்தில் பிள்ளையைப் படிக்கவைக்கும் பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, இந்த வயசுக்கு மேல இதுங்க படிச்சி கலெக்டர் ஆகப்போகுதா என்று என்னிடம் கேட்டாள். அவளுடைய மகன் பத்தாவது படிக்கிறான். அவன் வாயிலிருந்து 'மிஸ், மே ஐ கோ டு டாய்லெட்' என்பதைத் தவிர வேறொரு முழு வாக்கியம் வந்து நான் கேட்டதில்லை. அதைச் சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொண்டேன்.

கொஞ்ச நாள் கழித்து அந்த ஏஜென்சி அம்மாவே அவளுக்கு நேரடியாகப் போன் செய்தார். வெளிநாடு இல்லை, சென்னையில் ஒரு வீடு, படுக்கையில் இருக்கும் பெரியவரைப் பார்த்துக்கொள்ள வேண்டும், தங்கி வேலை செய்ய முடியுமா என்று கேட்டார். புண் வராமல் பார்த்துக்கொண்டதைச் சொன்னாயே, அதனால்தான் கூப்பிடுகிறேன் என்றாராம். விதி என்று ஒன்றைக் காட்டி அவளை ஒதுக்கியவரும் அவரேதான் என்பதை நான் மறக்கவில்லை. அவள் அதை நினைத்துப் பார்க்கவே இல்லை. மகளை அம்மா வீட்டில் விட்டுவிட்டு, அடுத்த வாரமே ஒரு பையோடு பஸ் ஏறிவிட்டாள்.

அந்த வீட்டைப் பற்றி அவள் போனில் சொல்லச் சொல்ல எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தமிழ்க் குடும்பம்தான். பெரியவர் தமிழில்தான் முனகுகிறார். ஆனால் அவருடைய மருமகள் வேலைக்கு வருகிறவர்களிடம் இங்கிலீஷைத் தவிர வேறொன்றும் பேசுவதில்லை. டிரைவரிடம் இங்கிலீஷ், பாத்திரம் துலக்க வருகிறவளிடமும் இங்கிலீஷ். அந்தப் பாத்திரக்காரி எல்லாவற்றுக்கும் ஓகே மேடம் என்று சொல்லிவிட்டு இஷ்டப்படி செய்கிறாளாம். தமிழில் பேசினால் வேலைக்காரர்கள் உரிமை எடுத்துக்கொள்வார்கள் என்று அந்த மருமகள் தன் தோழியிடம் சொன்னதை இவள் கேட்டிருக்கிறாள். இங்கிலீஷிலேயே சொன்னாராம். இவளுக்குப் புரியாது என்ற தைரியம்.

ஒரு நாள் மத்தியானம் போன் வந்தது.

'டீச்சர், யூ ஷுட் ஹேவ் டோல்ட் மீ. அதுக்கு இன்னா அர்த்தம்?'

நீ என்கிட்ட சொல்லியிருக்கணும் என்று அர்த்தம் என்றேன். சொல்லவில்லையே என்று குற்றம் சாட்டுகிற பேச்சு.

'அப்ப திட்டியிருக்குது.'

ஆமாம் என்றேன். என்ன விஷயம் என்று கேட்டேன். பெரியவர் ரெண்டு நாளாக மாத்திரையைத் துப்புகிறார் என்று இவள் முந்தாநாளே அந்த மருமகளிடம் சொல்லியிருக்கிறாள். அவர் போனை நோண்டிக்கொண்டே ம் கொட்டியிருக்கிறார். இன்றைக்கு டாக்டர் வந்து கேட்டதும், டாக்டர் முன்னாலேயே இவள் மேல் பழியைப் போட்டிருக்கிறார்.

'நான்தான் சொன்னேனே டீச்சர். அத எப்படி சொல்றது?'

ஐ டோல்ட் யூ என்று சொல்லலாம், ஆனால் அது பத்தாது என்றேன். நாம் தமிழில் 'சொல்லத்தான் செஞ்சேன்' என்று ஒரு அழுத்தம் கொடுப்போமில்லையா, அந்த 'தான்' இங்கிலீஷில் இப்படி வரும்: ஐ டிட் டெல் யூ. 'டிட்'டை அழுத்திச் சொல்ல வேண்டும். குரலை உயர்த்தக் கூடாது.

போனிலேயே நாலைந்து தரம் சொல்லிப் பார்த்தாள். முதலில் 'டிட் டோல்ட்' என்றாள். டிட் வந்துவிட்டால் டெல் மாறாது என்றேன். அப்புறம் சரியாக வந்தது. உள்ளே மணி அடிக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அன்றைக்கு முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. வேலையை விட்டுத் துரத்திவிட்டால் பஸ் காசுக்கு என்ன செய்வாள் என்று ஒரு பக்கம் ஓடியது. மறுநாள் காலையில் நானே கூப்பிட்டேன். பெரியவருக்கு இட்லி பிசைந்து ஊட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். சொன்னியா என்று கேட்டேன்.

'சொன்னேன் டீச்சர். அந்தம்மா தமிழ்ல பதில் சொல்லுச்சி.'